எதிர்பார்க்கப்படும் கணம்

பந்து வீசுகிறவர் ஓடி வருகிறார். அவர் பக்கத்து முனையில் நிற்கும் மட்டையாளர், பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி நாலடி நகர்ந்துவிடுகிறார். வீச வந்தவர் வீசாமல் நின்று ஸ்டம்பைத் தட்டிவிடுகிறார். அவுட். உடனே டி.வி.யிலும் டீக்கடையிலும் ஒரே வாசகம்தான்: “சட்டப்படி சரிதான், ஆனா தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல?”

இந்த ‘ஆனா’வில் எனக்கு உடன்பாடு கிடையாது. தர்மத்தைப் பற்றிய சண்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களைப் பற்றிய சண்டை. அந்தச் சொற்களைச் சரியாக எழுதியிருந்தால் தர்மம் பாட்டுக்கு வீட்டில் இருந்திருக்கும்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-இல் கொடி மாறிவிட்டது; ஆனாலும் நான் பள்ளியில் சேர்ந்தபோது பிரெஞ்சு வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் முசியே எந்தக் கேள்விக்கும் நேரே பதில் எழுத விடமாட்டார். முதலில் கேள்வியில் உள்ள சொல்லுக்கு வரையறை எழுத வேண்டும். பிரெஞ்சில் வரையறுப்பதற்கு ‘தெஃபினீர்’ என்பார்கள். அதற்குள் ‘ஃபேன்’ இருக்கிறது, அதாவது முடிவு, எல்லை. தமிழில் பாருங்கள், ‘வரையறை’யிலும் ‘வரை’ இருக்கிறது. அதுவும் எல்லைதான். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு அந்த வயதிலேயே வேடிக்கையாக இருந்தது.

பிறகு பிழைப்பு திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. முப்பது சொச்சம் வருடம் கோப்புகளோடு குடித்தனம். ஒவ்வொரு உதவித்திட்டத்தின் ஆணையிலும் முதல் பக்கத்தில் ‘குடும்பம்’ என்றால் யார் யார் என்று ஒரு வரி இருக்கும். மனு போடும் கிழவி தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள், ஆனால் மகன் வீட்டுத் திண்ணையில் படுக்கிறவள். அவள் தனிக் குடும்பமா, மகன் குடும்பத்தில் ஒருத்தியா? அந்த ஒரு வரியில் உள்ள ‘சேர்ந்து வாழும்’ என்ற சொல்லைப் பொறுத்து அவளுக்குப் பணம் வரும், அல்லது வராது. அதனால்தான் ‘சொல்லில் என்ன இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐ.பி.எல். போட்டி. பஞ்சாப் அணிக்குத் தலைவர் நம்ம அஸ்வின். எதிரே ராஜஸ்தான். ஜோஸ் பட்லர் 69 ஓட்டங்களுடன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அஸ்வின் பந்துபோட வந்து, கோட்டருகே நின்று, மெல்ல வெளியே நகர்ந்திருந்த பட்லரின் பக்கத்து ஸ்டம்பைத் தட்டினார். மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார். அத்தோடு ராஜஸ்தான் சரிந்தது. பஞ்சாப் 14 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. மறுநாள் உலகமே இரண்டாகப் பிரிந்தது. திண்டுக்கல்லில் மட்டும் பிரிவினை அவ்வளவாக இல்லை. டி.என்.பி.எல். போட்டிகளில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடியவர் அல்லவா அஸ்வின்? நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் அவரை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். ஊர்ப்பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு விதியைப் பார்ப்போம்.

கிரிக்கெட்டின் விதிப்புத்தகம் லண்டனில் 1787-இல் தொடங்கிய எம்.சி.சி. என்ற கிளப்பின் சொத்து. உலகமெல்லாம் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு கிளப் சட்டம் எழுதுவது விநோதம்தான், போகட்டும். ஜெய்ப்பூர் ஆட்டத்தின்போது நடப்பில் இருந்தது 2017-ஆம் ஆண்டுப் புத்தகம். அதில் 41.16-ஆம் விதி சொன்னதன் சாரம் இது: பந்து ஆட்டத்துக்கு வந்த நேரம் முதல், வீசுபவர் வழக்கமாகப் பந்தைக் கையிலிருந்து விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் கணம் வரை, மறுமுனை ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே இருந்தால் அவரை ரன் அவுட் செய்ய முயலலாம்.

‘எதிர்பார்க்கப்படும்’. இந்தச் செயப்பாட்டு வினை என் பழைய நண்பன். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதும்போதெல்லாம் எடுப்பது யார், பரிசீலிப்பது யார் என்பது காணாமல் போகும். இங்கேயும் அதேதான். எதிர்பார்ப்பது யார்? மட்டையாளரா, நடுவரா, டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களும் நானுமா? அஸ்வின் தரப்பு சொன்னது: நான் பந்தை விடவே இல்லை, அவர் வெளியே போனார், தட்டினேன். எதிர்த்தரப்பு சொன்னது: வழக்கமாகப் பந்து வெளியே வந்திருக்க வேண்டிய நேரத்தில் பட்லர் உள்ளேதான் இருந்தார், இவர் வேண்டுமென்றே நின்று காத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் படித்தார்கள்.

புத்தகத்துக்குச் சொந்தக்காரர்களே தடுமாறினார்கள். முதலில் எம்.சி.சி. விதியை எடுத்துக்காட்டி அஸ்வின் பக்கம் பேசியது. மறுநாள் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, அவர் நின்ற நேரம் அதிகம், ஆட்டத்தின் ‘ஸ்பிரிட்’டுக்குப் பொருந்தாது என்றது. எழுதியவருக்கே ஒரு நாளைக்கு ஒரு பொருள் படுகிறதென்றால், மைதானத்தில் நிற்கும் நடுவர் பாவம் என்ன செய்வார்?

இந்த ஸ்பிரிட் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் விதிப்புத்தகத்தின் முகப்பில் இது ஒரு முன்னுரையாக ஏறியது 2000-இல்தான். என்னவோ மகாபாரத காலத்திலிருந்து வருவதுபோல் பேசுகிறார்கள். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் இதே சொல் ‘எஸ்ப்ரி’. ஆவி, மனம், சமயோசிதம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மோந்தெஸ்கியே 1748-இல் வெளியிட்ட பெரிய நூலின் தலைப்பிலேயே ‘சட்டங்களின் எஸ்ப்ரி’ இருக்கிறது. ஆனால் அவர் அதற்குள் நாடு, தட்பவெப்பம், தொழில், பழக்கம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். தனக்குப் பிடிக்காத தீர்ப்பு வரும்போது வெளியே எடுக்கிற பொருளாக அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டுப் புத்தகத்தின்படி, வீசுபவர் பந்து விடுவதற்கான கடைசி எட்டை எடுத்துவைக்கும் முன்பு மட்டுமே இப்படி அவுட் செய்யலாம். 2017-இல் அந்த எல்லை நீண்டது. ஒரே மனிதர், ஒரே செயல். ஒரு புத்தகத்தில் கூடாது, அடுத்த புத்தகத்தில் கூடும். இடையில் உலகத்தில் தர்மம் எதுவும் மாறிவிடவில்லை; வாசகம்தான் மாறியது.

வாசகம் மாறாமலே பொருள் மாறுவதும் உண்டு. கோப்பில் ஒரு தாளை ‘புகார்கள்’ கட்டில் வைப்பதற்கும் ‘சாதாரணத் தபால்’ கட்டில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குப் புரியும். இந்த விதி இருந்த 41-ஆம் அதிகாரத்தின் தலைப்பு ‘முறையற்ற ஆட்டம்’. முறையற்றது என்று அங்கே சொல்லப்பட்டது, முன்கூட்டியே ஓடும் மட்டையாளரின் செயலைத்தான். ஆனால் அந்தத் தலைப்பின் கீழே ‘வீசுபவர் இப்படி அவுட் செய்யலாம்’ என்று படிக்கிறவர் கண்ணில், முறையற்றவர் வீசுபவராகவே தெரிந்தார். 2022-இல் எம்.சி.சி. இந்த விதியை அப்படியே தூக்கி, ‘ரன் அவுட்’ என்ற 38-ஆம் அதிகாரத்தில் வைத்தது. வாசகத்தில் கைவைக்கவில்லை. அக்டோபர் 1 முதல் நடைமுறை. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 24 அன்று, லார்ட்ஸ் மைதானத்தில் நம் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இதே முறையில் அவுட் செய்து ஆட்டத்தை முடித்துவைத்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் அது. அந்தப் பெண் மேல் எத்தனை ஏச்சு! ஒரு வாரம் கழித்து நடந்திருந்தாலும் ஏசியிருப்பார்கள்தான். தலைப்பு மாறினால் உடனே நாக்கு மாறிவிடாது. ஆனால் இன்றைக்கு விதிப்புத்தகத்தைத் திறக்கும் பையன், சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துத்தான் இதைப் படிப்பான்.

தலைப்பை விட மோசமானது, வாய்மொழியில் ஒட்டிக்கொண்ட பெயர். 1947 டிசம்பர், சிட்னி டெஸ்ட். வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரௌனை இப்படி அவுட் செய்தார். அதே பயணத்தில் அதற்கு முந்தைய ஆட்டம் ஒன்றிலும் பிரௌன் அவரிடமே இப்படி அகப்பட்டிருந்தார். எதிரணித் தலைவர் டான் பிராட்மனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று தன் நூலில் எழுதினார். இருந்தும் பத்திரிகைகள் அந்த அவுட்டுக்கு ‘மன்கட்’ என்று பெயர் வைத்துவிட்டன. கோட்டைத் தாண்டியவர் பிரௌன், பெயர் கெட்டது மன்கட்டுக்கு. 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தவர், தான் மட்டும் 231 எடுத்தவர் அந்த மனிதர். ஐம்பது ஆண்டுக்கு மேல் யாராலும் தாண்ட முடியாத சாதனை அது. அவர் பெயரைச் சொன்னால் இதுவல்லவா நினைவுக்கு வர வேண்டும்? இந்தப் பெயரை வசையாக்குவதை சுனில் கவாஸ்கர் பல காலமாகக் கண்டித்து வருகிறார். எனக்கும் அதே கட்சி.

புதுச்சேரிப் பக்கம் ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். இரும்புக் குண்டை உருட்டியும் வீசியும் ஆடுவது. தெற்குப் பிரான்சின் வட்டார மொழியில் ‘ஊன்றிய பாதங்கள்’ என்பதிலிருந்து வந்த பெயர் அது. ஓடிவந்து வீசக்கூடாது, காலை ஊன்றி நின்றே வீச வேண்டும் என்ற விதி அந்த ஆட்டத்தின் பெயரிலேயே அடங்கிவிட்டது. பெயர் வைத்தால் இப்படி வைக்க வேண்டும்.

2023 ஜனவரி 3-இல் மெல்போர்னில் ஒரு ஆட்டம். ஆடம் ஜாம்பா இதே வேலையைச் செய்தார். மட்டையாளர் நன்றாக வெளியேதான் இருந்தார். ஆனால் நடுவர்கள் நாட் அவுட் என்றார்கள். காரணம், ஜாம்பாவின் கை நேர் மேலே போய்த் தாண்டிவிட்டதாம். ‘நேர் மேலே’ என்ற சொல்லே விதியில் கிடையாது. ‘எதிர்பார்க்கப்படும் கணம்’ என்பதற்கு நடுவர்கள் தங்கள் வழக்கப்படி கொண்ட பொருள் அது. பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. அதே மாதம் 19-ஆம் தேதி எம்.சி.சி. திருத்திய வாசகத்தை வெளியிட்டது: வீசுபவரின் வழக்கமான வீச்சில் கை எந்தக் கணத்தில் மிக உயரமான இடத்தை அடைகிறதோ, அதுதான் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் கணம். அதைத் தாண்டிவிட்டால், மட்டையாளர் முன்பே வெளியேறியிருந்தாலும் இந்த விதிப்படி அவுட் செய்ய முடியாது.

எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷம். யாருடைய மனசுக்குள்ளும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். எதிர்பார்ப்பு என்ற ஆவிக்கு ஒரு உடம்பு கிடைத்துவிட்டது. இந்த வாசகம் 2019-இல் இருந்திருந்தால் ஜெய்ப்பூரில் அஸ்வினின் கை எங்கே இருந்தது என்பதை மட்டும் பேசி முடித்திருக்கலாம். குணநலன் ஆராய்ச்சிக்கு வேலையே இருந்திருக்காது. 2024-இல் டி.என்.பி.எல். ஆட்டம் ஒன்றில், மறுமுனையில் நின்ற அஸ்வினையே நெல்லை அணியின் பந்துவீச்சாளர் ஒருவர் நின்று எச்சரித்தார். இங்கே எல்லாரும் சிரித்தோம். அந்த வருடம் கோப்பை திண்டுக்கல்லுக்கு வந்ததால் சிரிப்பு எளிதாக வந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்டத்தின் கோளாறு, நம்ம ஆட்டத்தில் இப்படி வராது என்பவர்களுக்குச் சடுகுடுவை நினைவூட்டுகிறேன். நம் காலத்தில் ஊருக்கு ஒரு பாட்டுப் பாடிப் போனோம். இன்றைக்கு ‘கபடி, கபடி’ என்ற சொல் மட்டும்தான் பாட்டு என்று விதி. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியில் இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஒரு நிமிடம் சொச்சம். நம் பவன் ஷெராவத் பாடிப் போய், யாரையும் தொடாமலே ஓரத்து லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் தள்ள வந்த ஈரான்காரர்களும் கூடவே லாபிக்குள் இறங்கினார்கள். யாராவது ஒருவரைத் தொட்ட பிறகுதான் லாபி ஆடுகளம். அதுவரை அது வெளி. பழைய விதியின்படி இறங்கிய எல்லாரும் அவுட். புரோ கபடியில் பழகிய புதிய விதியின்படி பாடிப் போனவர் மட்டும் அவுட். அன்றைக்கு எது செல்லும்? முடிவு ஒரு பக்கம் போனால் இவர்கள் மறுப்பு, மறுபக்கம் போனால் அவர்கள் மறுப்பு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1 என்று கொடுத்தார்கள்; பிறகு மீதி ஆட்டமும் நடந்து 33-29 என முடிந்தது. தங்கம் நமக்கு வந்தது, மகிழ்ச்சி. ஆனால் அதே புள்ளிக்கணக்கு ஈரானுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தால் நாம் இன்றுவரை அழுதுகொண்டிருப்போம்.

சொல் தெளிவாக இருந்தால் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 நவம்பர் 6, டில்லியில் இலங்கையின் ஆஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் வெளியேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். உலகக்கோப்பை விதி, அடுத்த ஆட்டக்காரர் 2 நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது. மைதானத்துக்குள் வந்தால் போதும் என்று சொல்லவில்லை. வந்தவரின் ஹெல்மெட் வார் அறுந்துவிட்டது. வார் அறுந்த ஹெல்மெட்டோடு நிற்பவர் ‘தயார்’ ஆகமாட்டார். வங்கதேச அணித் தலைவர் ஷகிப் முறையிட்டார்; நடுவர் கொடுத்தார்; வேறு வழியில்லை. ஷகிப் முறையீட்டைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அது அவர் பெருந்தன்மைக்கு விடப்பட்ட இடம். அந்தப் பெருந்தன்மையை நடுவர் காட்ட முடியாது, விதியும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆட்டம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, வேடசந்தூர் தாண்டி எனக்குப் பழக்கமான ஒரு கிராமத்தைச் சொல்கிறேன். பொங்கலுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட். நோட்டீஸில் வழக்கமான இரண்டு வரி: ‘வீரர்கள் நேர்மையாக விளையாட வேண்டும். கமிட்டியின் முடிவே இறுதியானது.’ ஒரு வருடம் பெரிய தெரு அணியின் பந்துவீச்சாளர் மறுமுனைப் பையனை இப்படி அவுட் செய்தார். கமிட்டி, “கெட்டிக்காரன்டா” என்று கைதட்டியது. அடுத்த வருடம் காலனி அணிப் பையன் அதையே செய்தான். “நேர்மையா ஆடச் சொன்னா திருட்டுத்தனம் பண்றியா” என்று நாட் அவுட். ஆட்டமும் போயிற்று, பரிசும் போயிற்று, ஒரு பையனுக்கு மண்டையில் நாலு தையல். ‘நேர்மை’ என்ற நல்ல சொல்தான் அங்கே தடியாகப் பயன்பட்டது. கமிட்டியில் காலனிக்காரர் ஒருவரும் கிடையாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

போன மார்கழியில் இரண்டு பக்கத்துப் பையன்களும் சேர்ந்து வந்து, “ஐயா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, ரூல்ஸை நீங்களே எழுதிக் குடுங்க” என்றார்கள். கோயில் திண்ணையில் எல்லாரையும் உட்காரவைத்தே எழுதினேன். பெரிய தெருவிலிருந்து ஒரு பெரியவர், “முதத் தடவை எச்சரிக்கணும்னு போடுங்க சார்” என்றார். காலனிப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் படிக்கிறவன், மெதுவாகக் கேட்டான்: “ஏங்கய்யா, ஸ்டம்பிங் பண்றதுக்கு முன்னாடி கீப்பர் எச்சரிக்கிறாராங்கய்யா?” பெரியவர் சிரித்துவிட்டார். எச்சரிக்கை போயிற்று.

‘பந்து வீசுபவரின் கை மிக உயரத்துக்குப் போகும் வரை மறுமுனை ஆட்டக்காரர் கோட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரன் அவுட் செய்யலாம்’ என்று படித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பையன் மட்டும் தாளை வாங்கி, விரலை வைத்து ஒரு தரம் படித்தான்.

“ஐயா, ‘போகும் வரை’ன்னா அந்த உச்சியும் சேத்திங்களா, சேராதுங்களா?”

அரை மணி நேரம் பேசினோம். டீ இரண்டு தரம் வந்தது.